பாக்கியரத்தினம் சேரின் தெரிவு

கதிரையை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறேனாம். கொழும்பில் அப்படித்தான் கதை. றஊபுக்குப் பயிற்றுநர் பதவி ஆசை முற்றிப்போய்விட்டது, தேசிய றக்பி அணியை வாப்பா எழுதிவைத்த வளவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று பத்திரிகையில் ஒருவன் எழுதியும் விட்டான். எழுதட்டும், அவன் வாயில் மண் விழ. எனக்குச் சம்பளமும் வேண்டாம், அணிப் படத்தில் நடுவில் உட்காரவும் வேண்டாம். எனக்கு ஓர் அணி வேண்டும், அவ்வளவுதான். நான் ஏதாவது ஓர் அணியைச் சேர்ந்த ஆளாக இருக்கவேண்டும். ஏன் என்று கேட்டால், பாக்கியரத்தினம் சேரில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது துறைமுகத்து மைதானம் எங்களுக்கு மிஞ்சியது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தகரக் கொட்டகை ஒன்று, கொட்டகையின் முதுகோடு உட்துறைமுகத்துத் தண்ணீர். தேசிய அணி வெளிநாடு போகுமுன் அங்கேதான் முகாம் போடும். நான் கிண்ணியாக்காரன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தவன். மாலுமிகளோடு விளையாடி விளையாடி ஹூக்கர் ஆனேன். இரண்டு பக்கத்துத் தடியன்களும் தலையைக் கொடுத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்கு நடுவில் தொங்கிக்கொண்டு, காலால் பந்தைத் தன் பக்கம் இழுப்பவன்தான் ஹூக்கர். பொறுமைசாலிக்கு உள்ள இடம் இல்லை அது. எனக்கு நன்றாகப் பொருந்தியது.

அப்போது பயிற்றுநர் பாக்கியரத்தினம் சேர். நெட்டை மனுசன், அதிகம் பேசமாட்டார். அணியைத் தெரிவுசெய்ய அவரிடம் ஒரு முறை இருந்தது. முகாமின் கடைசி நாள், பொழுதுபடும் நேரம், எல்லோரும் புல்லில் குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். அவர் எங்களுக்கு நடுவே நடப்பார். எடுக்கிற ஆளின் முதுகு நடுவில் மடக்கிய விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டுவார். தட்டுப்பட்டவன் சத்தமில்லாமல் எழும்பி, திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குப் போகவேண்டும். மிஞ்சியவர்கள் விசில் கேட்டதும் எழும்பி நேரே பஸ்ஸில் ஏறிவிடலாம். எடுபடாதவன் முகத்தை ஒருவரும் பார்க்கவேண்டியதில்லை. "பெயர் வாசிக்கேக்க பொடியளின்ர முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது" என்று ஒரு தரம் சொன்னார். குப்புறப் படுக்கக்கூடாது என்று உம்மா எனக்குச் சின்ன வயதில் அடி போட்டிருக்கிறா. அந்த மைதானத்தில் மட்டும் நான் அதை மறந்தேன். ஏனென்றால் அந்த முட்டி முதுகில் படும் சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கலியாணத்திலும் இல்லை, மனைவி நபீஸா கோபித்தாலும் உண்மை அதுதான்.

இன்னொரு பிடிவாதமும் சேருக்கு இருந்தது. வேறு ஒரு பயிற்றுநர் தெரிவுசெய்த ஆளை அவர் தொடமாட்டார். "அடுத்தவன் எடுத்த ஆளில நான் கை வைக்கமாட்டன்" என்பார். ஒரு வருடம் பொலிஸ் அணி முந்திக்கொண்டு பெயர் போட்டுவிட்டது என்பதற்காக, நல்ல விளையாட்டுக்காரன் ஒருவனை முழுப் பருவமும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்குக் கொடுத்த பதவித் தவணை முடிய இன்னும் காலம் இருந்தது. அதற்குள் கொழும்புத் தேர்வுக்குழுவுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. முகாமின் கடைசி நாள் பகலில் தந்தி வந்தது. பதவி போய்விட்டது, மைதானத்துக்குள் காலடி வைக்கவேண்டாம் என்று. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பொழுதுபட, வழக்கம்போல் நாங்கள் குப்புறப் படுத்துக் கண்ணை மூடினோம். எனக்கு இடது பக்கம் அணித்தலைவன் சிறில், பாலையூற்றுக்காரன். வலது பக்கம் இறக்கக்கண்டி அலியார், ஸ்க்ரம்மில் என்னைத் தாங்கும் மலை. காத்திருந்தோம். இருட்டியது. நுளம்பு கடித்தது. ஒருவரும் வரவில்லை, விசிலும் ஊதவில்லை. சேர் அதே பொழுதில் சின்ன வள்ளம் ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகத் துறைமுக வாசல் பக்கம் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வள்ளம் இறக்கக்கண்டியில் கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

அந்த அணியைக் கொழும்பில் இருந்து பெயர் வாசித்து எடுத்தார்கள். எங்கள் மூவரையும் விட்டுவிட்டார்கள். சிறில் அதோடு விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு பள்ளிக்கூட அணியைப் பழக்கிக்கொண்டிருந்தான். சில வருடம் கழிய அவனையே மூன்று வருடத் தவணைக்குப் பயிற்றுநராகப் போட்டார்கள். நல்ல ஆள்தான், ஆனால் மேலிடத்துக்காரர் இருமினாலே எழும்பி நிற்கிற குணம். சேரின் முறையை அவன் விடவில்லை. ஒரேயொரு வித்தியாசம். அவன் முட்டியால் தட்டுவதில்லை, உள்ளங்கையை ஒரு தரம் அழுத்தி வைப்பான்.

அலியார் மௌத்தானது சிறிலின் தவணை முடிகிற வருடம். கடலுக்குப் போன தோணியும் அவனும் திரும்பவில்லை. இறக்கக்கண்டிக்கு விசாரிக்கப் போனேன். அவன் மனைவி ஸல்ஹா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னா.

"கடலுக்குப் போறதுக்கு முதல் நாள் வலை இழுத்துட்டு வந்து மணல்ல குப்புறப் படுத்திருந்தாரு, காக்கா. திடீரெண்டு எழும்பி, ஆர் என்ட முதுகுல தட்டினதெண்டு கேட்டாரு. ஒருத்தரும் இல்லையே எண்டன். சிரிச்சாரு. சேர் என்ன எடுத்துட்டாரு ஸல்ஹா எண்டாரு. அவ்வளவு சந்தோஷமா நான் அவரக் கண்டதே இல்ல."

துக்கத்தில் பேசுகிறா என்று நினைத்தேன். திரும்பி வந்து சிறிலிடம் சொன்னேன். அவன் சேட்டுக்குள் கிடந்த சிலுவையை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு யோசித்துப் பார்த்தோம். அந்த மாலையில் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் இல்லாமல் போயிருந்தார்கள். ஒருவன் குளத்தில், ஒருவன் கிணற்றில், ஒருவன் கடலே இல்லாத ஊரில் வெள்ளத்தில். எல்லோரும் எந்த அணியிலும் இல்லாமல் சும்மா இருந்தவர்கள்.

பிறகு மலாயாச் சுற்றுப்பயண முகாம் வந்தது. எனக்கு முப்பது தாண்டிவிட்டது, அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். துறைமுகக் கிளப்பும் கலைந்து போயிருந்தது. இன்னொரு தரமாவது நாட்டின் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு கப்பலேற வேண்டும் என்று பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். விடிய எழும்பி நிலாவெளிக் கரையில் வலை இழுப்பவர்களோடு சேர்ந்து கயிறு இழுத்தேன். ஸ்க்ரம்மில் எனக்கு நிகர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் இருந்து வந்த றொபேட்டுக்கும் தெரியும். அவனும் ஹூக்கர், அடக்கமான பொடியன், ஆனால் தேர்வுக்குழுத் தலைவரின் மகன். கடைசி நாள் குழுவின் செயலாளர் றெயிலில் வந்து இறங்கினார். சிறிலைக் கூட்டிக்கொண்டு மதிலோரம் நடந்தார். அவனுடைய தவணை அந்த மாதத்தோடு முடிகிறது, நீடிப்பதும் விடுவதும் செயலாளர் கையில்.

தேநீருக்கு வந்தபோது சிறில் என் பக்கம் பார்க்கவில்லை.

"என்னடா மச்சான், தேத்தண்ணிக்குள்ள என்ன தேடுறாய்?" என்றேன்.

"ஒண்டுமில்லை, போய்ப் படு. நேரமாகுது" என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. என் இடம் றொபேட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் போய்ப் படுத்தேன்.

மைதானத்தின் தொங்கல் ஓரத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினேன். சிறிலின் சப்பாத்துச் சத்தம் வந்தது, நின்றது, போனது. ஒவ்வொருவராக எழும்பிப் போகும் சத்தம். சப்பாத்து என் தலைமாட்டுக்கு வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. தாண்டிப் போய்விட்டது. நான் புல்லைப் பல்லால் கடித்தேன். அழுதேன் என்றே சொல்லலாம், யாருக்குப் பயம்.

அப்போதுதான் முதுகு நடுவில் தட்டுப்பட்டது. முட்டியால், இரண்டு தரம்.

நான் யோசிக்கவே இல்லை. துள்ளி எழும்பினேன். திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்க்கவில்லை. கால் நிலத்தில் படாமல் கொட்டகைக்குப் போனேன். சிறில் மனம் மாறிவிட்டான், என் மச்சான் ஆம்பிளை என்று வழியெல்லாம் அவனை வாழ்த்தினேன். பின்னால் விசில் ஊதியது.

கொட்டகைக்குள் கொடியில் ஜேர்சிகள் தொங்கின. சிறில் வந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தான். ஹூக்கர் ஜேர்சியை றொபேட்டின் கையில் வைத்தான். கொடி வெறுமையானது, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"றஊப், நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்?"

"தட்டிப்போட்டு ஏன் நிக்கிறாய் எண்டு கேக்கிறியா? மறதியா, நடிப்பா?"

"நான் உன்னைத் தட்டேல்லை."

"பின்ன ஆர் தட்டினது, மானா? முட்டியால ரெண்டு தரம் தட்டினாயே, சேர் மாதிரி."

சிறில் என் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தான். வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தான். பனியன் முழுவதும் வியர்வைதான். ஆனால் நடுவில் இரண்டு இடம் மட்டும் வேறு மாதிரி ஈரம். தொட்டு முகர்ந்தான். துறைமுகத்து அடிச்சேறு மணந்தது.

"வா" என்றான்.

"எங்க?"

"வந்து திரும்பப் படு. என்ர கையால நான் உன்னை எடுக்கவேணும். இப்பவே. அடுத்தவன் எடுத்த ஆளில சேர் கை வைக்கமாட்டார், நினைவிருக்கா?"

அப்போதுதான் அலியாரின் சிரிப்பு எனக்கு உறைத்தது. மூலையில் நின்ற செயலாளர் குரலை உயர்த்தினார். "சிறில், பகிடியா விடுறீர்? அணி முடிவாகியாச்சு." சிறில் றொபேட்டின் கையில் இருந்த ஜேர்சியை மெதுவாக எடுத்தான். "குறை நினைக்காதை தம்பி" என்றான். அந்தப் பொடியன் நல்லவன், உடனே விட்டுவிட்டான்.

வெளியே எல்லோரும் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்கள். மைதானத்தில் ஆளில்லை. ஆனால் நான் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், அன்று ஒருவரும் படுக்காத இடத்தில், புல் ஒரு பெரிய உடம்பின் அகலத்துக்கு அமுங்கிக் கிடந்தது. அமுங்கிய புல் எல்லாம் நனைந்திருந்தது. அலியாரின் அகலம் எனக்குத் தெரியாதா, எத்தனை வருடம் அவன் தோளில் தொங்கினவன் நான்.

படுத்தேன். கண்ணை மூடினேன். சிறில் இடது பக்கம் முழந்தாளிட்டு உட்கார்ந்தான், அவன் மூச்சு வாங்குவது கேட்டது. வலது பக்கம், கொட்டகைக்குப் பின்னால் இருந்து, நனைந்த கால் புல்லில் வைத்து எடுக்கும் சத்தம் வந்தது. அவசரமில்லாத நடை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நடை. என் பக்கத்தில் வந்து நின்றது. குளிர் முதுகில் இறங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் சிறிலின் கை வரவேண்டும் என்று நான் துஆக் கேட்கவில்லை. சேரின் கை இன்னொரு தரம் படாதா என்றுதான் மனம் ஏங்கியது.

பளார் என்று சிறிலின் உள்ளங்கை விழுந்தது. அறை என்றே சொல்லவேண்டும்.

"நான் எடுத்திட்டன் சேர்" என்றான் யாரையும் பார்க்காமல். "றஊப் என்ர ஆள். மலாயாவுக்கு ஹூக்கர்."

கால்கள் அசையவில்லை. கன நேரம் நின்றன. பிறகு சத்தம் தூரமானது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது மான்கள் மட்டும் தெரிந்தன. மேய்ந்துகொண்டிருந்தவை ஒன்றாக நிமிர்ந்து, ஓர் ஆள் போகிற அளவுக்கு நடுவில் இடம் விட்டு விலகி நின்றன.

செயலாளர் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். மாத முடிவோடு சிறிலின் வேலை சரி, சுற்றுப்பயணத்துக்கு அணியோடு வேறு ஆள் வருவார். அணியை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று பத்திரிகைக்காரன் கேட்பான்.

மதிலோரம் நடந்து போகும்போது எனக்குத் திடீரென்று பொறி தட்டியது. "சிறில், அண்டைக்கு நீயும்தானே எங்களோட படுத்திருந்தனீ?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் உனக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?"

"நான் கோச்தானே. எனக்கு டீம் இருக்கு" என்றான். சிரித்தான். "இந்த மாசம் முடியும் மட்டும்."

நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். பள்ளிக்கூடத்துப் பொடியன்களையாவது சேர்த்து ஓர் அணி பிடி, பெயரைப் பதி, சும்மா இருக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினேன். மலாயாவில் நன்றாக விளையாடினேன், அதை மற்றவர்களிடம் கேளுங்கள். ஜேர்சி என் உடம்பில் இருந்தது, மனம் இங்கே கிடந்தது.

திரும்பி வந்த அன்று வீட்டுக்கும் போகாமல் பாலையூற்றுக்குப் போனேன். சிறிலின் மனைவி மாகிரட் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. கண் குழிவிழுந்து போயிருந்தது.

"பங்குப் பொடியளுக்குப் பழக்கச் சொல்லி ஃபாதர் கேட்டவர், தம்பி. வாறன் எண்டு சொல்லிப்போட்டு இவர் போகேல்லை. பொழுதுபட்டால் கிறவுண்டுக்குப் போறார். போய்ப் புல்லில குப்புறக் கிடக்கிறார். ஏன் எண்டு கேட்டால், ஆர் வாறதெண்டு பார்க்கவேணுமாம். இப்பவும் அங்கதான்."

ஓடினேன். வாசலில் இருந்து பார்க்க, மைதானத்தின் நடுவில் அவன் தனியாகப் படுத்திருந்தான். வெள்ளைச் சேட். பக்கத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. என் கையை அவன் முதுகில் வைத்துவிட்டால் போதும், எந்த அணி என்று பிறகு யோசிக்கலாம் என்று பாய்ந்தேன். அரை மைதானம் தாண்டவில்லை. என் கண் முன்னால், அந்த வெள்ளைச் சேட்டின் நடுவில் ஓர் ஈரப் புள்ளி விழுந்தது. அதன் மேலே இன்னொன்று.

"சிறில், எழும்பாதை" என்று கத்தினேன்.

எழும்பினான். அவன் முகம் ஒரு பக்கமாகத் தெரிந்தது. முதல் தரம் நாட்டுக்கு விளையாட எடுபட்ட பத்தொன்பது வயதுப் பொடியனின் முகம் அது. சட்டப்படி திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்கு நடந்தான். கொட்டகை பூட்டிக் கிடந்தது, அவன் அதைச் சுற்றிப் பின்னால் போனான். நான் வந்து சேர்ந்தபோது அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. ஓர் அலைகூட எழும்பவில்லை. என்னைத் தன் கையால் எடுத்தவனை என்னால் எடுக்க முடியவில்லை, அந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை.

அதன் பிறகு நான் ஒரு நாளும் அணி இல்லாமல் இருந்ததில்லை. விளையாட முடிந்தவரை விளையாடினேன். முடியாமல் போனதும் பயிற்றுநர் ஆனேன். தவணை முடியுமுன் போய்ச் சண்டை போட்டு அடுத்த தவணை வாங்கினேன், காலில் விழுந்தும் வாங்கினேன். அணியைப் பெயர் வாசித்துத்தான் எடுப்பேன். ஒருவனையும் படுக்கவைத்ததில்லை. பொடியன்கள் முகம் சுருங்கினால் சுருங்கட்டும். அந்த மாலையில் படுத்திருந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். சேரின் அணியில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. ஹூக்கரின் இடம் மட்டும் காலி. ஹூக்கர் இல்லாமல் ஸ்க்ரம் பிடிக்க ஏலாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன கிழமை தந்தி வந்தது. இந்த மாதத்தோடு சரியாம். இந்தத் தரம் சண்டையும் எடுபடவில்லை. கிளப்புகளில் கேட்டுப் பார்த்தேன், இந்த வயதில் என்னை வைத்து என்ன செய்வது என்று சிரிக்கிறார்கள். நபீஸாவுக்குச் சந்தோஷம். "விட்டுட்டு வாங்களன். இனியாவது ஊட்டுல இருக்கலாம்" என்கிறாள். அடக்கப் போகும் மையித்துப் போல எப்போதும் மல்லாந்தே படுக்கிறேன் என்று வேறு பகிடி பண்ணுகிறாள். நான் சாவுக்குப் பயந்து அப்படிப் படுக்கிறேன் என்று அவளுக்கு நினைப்பு.

சாவுக்கு இல்லை. தூக்கத்தில் எப்போதாவது புரண்டு குப்புறப் படுத்துவிடுவேன். முதுகில் அந்த முட்டி இரண்டு தரம் படும். அப்போது பக்கத்தில் கிடக்கும் நபீஸாவை நான் நினைக்கவே மாட்டேன். என்னை எடுத்துவிட்டார் என்று துள்ளி எழும்பி, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன்.